நேத்தைய விலை

அன்புள்ள ஞானபாய்க்கு,

கர்த்தர் இன்னும் கூப்பிடல, அதனால சுகமா இருக்கேன். உனக்கு இளைப்பு எப்படி? என்னை ஏசுறதுக்காவது மூச்சு இருக்கா?

நான் காவல் நிக்குற ஆபீசில கம்ப்யூட்டரே பங்கு விலை பாத்துச் சொல்லும். அதுக்கு ரெண்டு கருவி. ஒண்ணு இப்போதைய விலை தரும், மத்தது நேத்தைய விலை. ரெண்டோட விளக்கத்திலயும் "விலை சொல்லும்"னு மட்டும் எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் இன்னைக்கு விலைக்கு நேத்தையத எடுத்துட்டு. அங்க வேலை பாக்குற ஜானவி மோளு, ரெண்டு விளக்கத்தையும் காட்டி, இன்னைக்கு விலைக்கு ஒண்ண என்னையும் எடுக்கச் சொன்னா. நானும் அதையே எடுத்தேன்.

"மாமாக்கும் தெரியல, அப்போ விளக்கம்தான் மோசம்"னா.

"அப்போ கம்ப்யூட்டர் சம்பளத்த எனக்குத் தா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

பொறவு எனக்குச் சிரிப்பு வரல. எனக்குப் போன் பண்ணுற பக்கத்து வீட்டு ஷாலுகிட்ட நீ சொல்லிவிடுற சுகம் எந்த நாளு சுகம்? லீவு கேட்டா, மாத்த ஆளில்லங்கான் சூப்பர்வைசர். இங்க இருந்து நான் என்னத்தச் செய்ய? இனி இன்னைக்கு மூச்சு எப்படின்னு இன்னைக்கே சொல்லிவிடு, மக்கா.

கேட்ல ஹாரன் அடிக்கான்.

நேசமணி