லோகநாதன் பேரில் ஒரு சீட்டு

கர்நூல்
6 ஜனவரி 2026

அன்புள்ள தம்பி பூவரசனுக்கு,

நானும் நைனாவும் நலம். போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார். அதனால் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது.

நேற்று தோணிரேவை விட்டுக் கிளம்பியதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "பூநாரை எங்கேர்ந்து வருதுன்னு பாக்க நைனாவுக்கு ஆசை. உனக்குக் காலேஜ் லீவுதானே, கட்ச் வரைக்கும் கார்லயே கூட்டிட்டுப் போக்கா" என்று சொன்னது நீ. சூளூர்ப்பேட்டை தாண்டும்போது நைனா கேட்கிறார்: "பறவையெல்லாம் இப்போ நம்ம ஏரியில நிக்கிது. ஆளில்லாத வூட்டப் பாக்கவா நாம போறோம்? இன்னா பயணம்டி இது?" சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அவர் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது.

வழியெல்லாம் விரலை மடக்கி நாள் எண்ணுகிறார். "ஞாயித்துக்கெழம சீட்டு" என்கிறார். எந்த வீட்டு வலை எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கவேண்டும் என்று ஊர் சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கும் என்பது தெரியும். பொம்பளைகளை அந்தக் கூட்டத்துக்கு யார் கூப்பிட்டார்கள், தேதி தெரிய? தைக்குப் பிறகுதான் என்று ஞாபகம். நாள் குழம்புவது அவருக்கா எனக்கா? எழுது.

குளிருக்கு மங்கி குல்லா வாங்கிக் கொடுத்தேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்.

உன் அக்கா
அமுதவல்லி

தோணிரேவு
7 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாமல் படி. சீட்டு இந்த ஞாயிறுதான். நைனா சரியாகத்தான் சொல்கிறார். நான்தான் உன்னை ஏமாற்றினேன்.

கார்த்திகையில் நைனா பக்கத்து வீட்டுச் சரவணனுடைய நாளில் அவன் இடத்தில் போய் வலையை இறக்கிவிட்டார். இரண்டாவது தடவை. "இது என் நாளுடா, போடா"ன்னு படகில் நின்று அவனிடமே சத்தம். ஊர் முன்னால் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னொரு தடவை நடந்தால் ஒரு வருஷத்துக்கு நம் வீட்டுக்குச் சீட்டே கிடையாது. வலையை எங்கே இறக்குவது?

ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான். என் பேருக்கு மாற்றுங்கள் என்று நாலு தடவை கேட்டேன். "நான் செத்தப்புறம் மாத்திக்கோ" என்கிறார். எனக்கு நாற்பத்திரண்டு வயசு அக்கா, இன்னும் அவர் படகில் கூலி ஆள் மாதிரி நிற்கிறேன். இங்கே இருந்தால் கூட்டத்தில் வந்து நிற்பார். அதனால்தான் அனுப்பினேன்.

இப்போது ஊர்ப் பெரியவர்கள் அவர் கையால் ஒரு வரி வேண்டும் என்கிறார்கள். மகனுக்குக் கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கு. நீ கேட்டால் மறுக்கமாட்டார்.

தம்பி
பூவரசன்

சோலாப்பூர்
9 ஜனவரி 2026

பூவரசா,

உன் மேல் கோபப்படவேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. மறைக்காமல் நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீக்கடையில், பனியில். அவர் கேட்டது ஒன்றுதான்: "கும்பிட்டானா? எல்லார் முன்னாலயும்?" பிறகு பேனாவைக் கேட்டார்.

எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "எனது பாடு உரிமையை என் மகன் லோகநாதனுக்குக் கொடுக்கிறேன்." கீழே அவர் கையெழுத்து, இரா. லோகநாதன்.

"நைனா, லோகநாதன் நீங்கதானே?" என்றேன்.

"ஆமா. அதுக்கின்னா?"

"பூவரசன் பேர்தானே எழுதணும்?"

"டீ ஆறுது, குடி."

இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறேன். தெரியாமல் எழுதியது எது, வேண்டுமென்றே எழுதியது எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். இதில் முடியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இன்னொரு காகிதம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அடுத்த நிமிஷம், "தம்பிக்கு ஒரு குல்லா வாங்கு, ஏரியில பனி அதிகம்" என்கிறார்.

வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது? உன் பதில் வரும்வரை இங்கேயே இருக்கிறோம்.

அக்கா

தோணிரேவு
11 ஜனவரி 2026, ஞாயிறு

அக்கா,

நைனா எழுதியதைக் கூட்டத்தில் படித்தேன். முதலில் சிரித்தது சரவணன்தான். "உங்க நைனா உனக்கே டேக்கா குடுத்துட்டாருடா!" சீட்டு எழுதும் சீனிவாசன் பெரியப்பா, "சும்மா இருடா, பாவம், மறந்துட்டாரு" என்றார். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மறந்தாரா வேண்டுமென்றே எழுதினாரா என்பது எனக்குத் தெரியும் என்பதுபோல. எனக்கும் தெரியவில்லை.

"உம்பேரையே போட்டுக்கலாமா?" என்று பெரியப்பா கேட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். "எழுதியிருக்கறபடியே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இனி அவரைத் தனியாகப் படகெடுக்க விடமுடியாது. எந்த நாள், எந்த இடம் என்று நான் பார்த்துச் சொல்வேன், வலையை அவர் இறக்கட்டும். அப்படியும் தப்பு நடந்தால் ஒரு வருஷம் கரையில் உட்காரவேண்டியதுதான், ரெண்டு பேரும்.

லோகநாதன் பேர் மூன்றாவதாக வந்திருக்கிறது. நம் நாள் புதன்கிழமை. நைனாவிடம் சொல், அவர் எண்ணிக்கொள்வார்.

குல்லா வாங்கியிருந்தால் கொண்டுவா. வண்டியை இந்தப் பக்கம் திருப்பு. பறவையெல்லாம் இங்கேதான் நிற்கிறது.

பூவரசன்