களிம்பை நிறுத்திய பிறகு

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

பெரிய பேரன் வக்கீல் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான். சின்னவன் நீச்சலில் கோப்பை வாங்கினான். பேத்திக்கு டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம், வகுப்பிலேயே அவள்தான் முதல்.

என் இடுப்பில் இருக்கிற படை உனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் அதிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக நான் தடவிய களிம்பு வியாதியை மறைத்துவிட்டதாம்.

"களிம்பை நிறுத்துங்கம்மா, மறுபடி எடுக்கணும். வெறும் படையா, வெள்ளை அணு தோலுக்குள்ள பெருகுற புற்றான்னு அப்பதான் பிரிச்சுச் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா.

எதற்கெடுத்தாலும் வாயாடுகிற பேத்தி என்கூட வந்திருந்தாள், அங்கே வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், "என்னடி, ஊமையாயிட்டே?" என்றேன். "பசிக்குது பாட்டி" என்றாள். வாங்கிக் கொடுத்ததைத் தொடவேயில்லை.

இப்போது படை சிவந்து முதுகுக்கு ஏறுகிறது. அடுத்த வாரம் மறுபடி எடுக்கிறார்கள். பயமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் என்னைப் போட்டோ பிடிக்கிறார்கள். எல்லாவற்றிலும் இடுப்புதான், ஒன்றிலும் முகம் இல்லை. நீயாவது முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. என்னிடம் இருப்பதில் முறைத்துக்கொண்டு நிற்கிறாய்.

இப்படிக்கு,
உன் அக்கா