பந்தியில் பாதியில் எழுந்தவனுக்கு

சூடான ரசம் விழுந்ததும் வாழையிலை வெந்து ஒரு வாடை எழுமே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. என் மச்சான் ஆரோக்கியத்தின் மகள் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் முதல் பந்தி. எனக்கு வரிசையின் நடுவில், பெரிய மனிதர்களுக்கு இடையில் இலை. சாம்பார் வரை தாக்குப்பிடித்தேன். ரசம் வந்தபோது குமட்டியது. அதைக்கூடச் சமாளித்திருப்பேன், கால்கள்தான் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் இரண்டும் தாமாக ஆடின. உடம்புக்குள்ளிருந்து யாரோ 'எந்திரி, எந்திரி' என்று விரட்டினார்கள். எழுந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். எல்லோரும் முடித்து, மூத்தவர் இலையை மடித்த பிறகுதான் வரிசை எழ வேண்டும். பாதியில் எழுகிறவன் சோற்றை மட்டுமல்ல, அந்த வீட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கைகழுவும் இடத்தில் மச்சான் என்னை மறித்தார்.

"என்ன மாப்ள, எங்க வீட்டுச் சோறு எறங்கலையோ? ஊரே உக்காந்திருக்கையில நீங்க மட்டும் எந்திரிச்சு வாரீக?"

"ஒடம்பு சரியில்ல மச்சான்."

"காலையில கோயில்ல நல்லாத்தானே நின்னீக?"

நின்றேன். நிற்க முடிகிறது, உட்காரத்தான் முடியவில்லை. இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்ல? கல்லூரியில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி இன்னொருவனுக்குப் போனபோது, 'அவுகளுக்கு அனுசரிச்சுப் போகத் தெரியலை' என்று என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னவர் அவர். நான் அதை மறக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் நீ இதைத்தான் கேலி செய்வாய்: "ஒன் மண்டைக்குள்ள ஒரு கோர்ட்டு நடக்குதுடா. எல்லாரும் குத்தவாளி. ஒருத்தனுக்கும் தீர்ப்பு மட்டும் வரமாட்டேங்குது."

மாத்திரை தொடங்கி அது மூன்றாவது வாரம். அதற்கு முன்பு இருந்ததைச் சோகம் என்று சொல்ல மாட்டேன். சோகத்தில் கொஞ்சம் ஈரமாவது இருக்கும். காலையில் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பேன். வகுப்பில் என் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்கும். ஸ்டெல்லாதான் மதுரைக்கு இழுத்துப் போனாள். "ஆரம்பத்துல குமட்டும், படபடன்னு வரலாம். நீங்களா நிறுத்திடாதீங்க. முடியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க" என்றார் டாக்டர். யார் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்? மண்டபத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்: இன்றோடு சரி, மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். பழைய மந்தமே தேவலாம், அதில் ஓரிடத்தில் உட்காரவாவது முடிந்தது.

அப்படி நடக்கும்போதுதான் உன் ஞாபகம் வந்தது.

அமராவதிபுதூர்ச் சாலையில் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, இதே ரசத்தில்தான் நீயும் எழுந்தாய். என் அப்பா பரிமாறிக்கொண்டிருந்தார். "யாருடா அவன், சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி முறுக்கிக்கிட்டுப் போறான்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். நீ மின்சார அலுவலகத்துச் சம்பளத்தில் வாடகை வீட்டில் இருந்தாய். என் வீட்டைப் பார்த்து உனக்கு வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன். மாதக்கணக்கில் உன்னோடு பேசவில்லை. கடைசியில் நீதான் டீக்கடைக்குத் தேடி வந்தாய்.

"டேய், ஒன் ரசத்துல குத்தமில்லடா. என்னால உக்கார முடியலை."

"உக்கார முடியாம என்ன? மூலமா?"

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். பிறகு சிரித்தாய். "ஆமாடா. மூலந்தான்."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து டீ மாஸ்டர் உனக்கு வடை தர மறுத்தார். "காரம் ஒங்களுக்கு ஆகாதுண்ணே, மோரு தாரேன்." நீயும் வாங்கிக் குடித்தாய். அவ்வப்போது மதுரைக்குப் பஸ் ஏறும்போது வைத்தியத்துக்குப் போவதாகச் சொல்வாய். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் நீ ஓர இலையைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பாய். வயது ஏறியும் சின்னப் பிள்ளைத்தனம் போகவில்லை என்று அதையும் கேலி செய்தேன்.

பிறகு ஓர் ஆடியில், அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். அவ்வளவுதான்.

நான் பந்தியில் எழுந்த செய்தி மாலைக்குள் உன் வீடு வரை போய்விட்டது. உன் மனைவி வள்ளி வந்தாள். நான் வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கால்களைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, கேட்டாத் தப்பா நெனைக்காதீக. மாத்திரை ஆரம்பிச்சிருக்கீகளா?"

"எந்த மாத்திரை?"

"அவுக சாப்பிட்டது."

"மூலத்துக்கா?"

நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "மூலமா? அந்தக் கதையைக் கட்டிவிட்டதே நீங்கதானே. அவுகளுக்கு வசதியாப் போச்சு. 'அவன் குடுத்த வியாதி நல்ல வியாதிடி, யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாங்க'ன்னு சொல்லுவாக."

நான் நடப்பதை நிறுத்தினேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஒங்க வீட்டுப் பால்காய்ப்பு சமயத்துலதான் ஆரம்பிச்சாக. இதே மாதிரிதான், காலு ஒரு எடத்துல நிக்காது. பெறகு டாக்டர்ட்டச் சொல்லி அளவைக் கொறைச்சு, மெதுவாக் கூட்டினாக. அந்தப் பரபரப்பு போயிருச்சு. வாய் காயுறது மட்டும் போகலை. அதுக்குத்தான் மிட்டாய்."

"நிறுத்தவே இல்லையா?"

"ஒருக்கா தானா நிறுத்திப் பாத்தாக. நீங்க வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டீக, ஊருக்குப் போயிருக்காகன்னு சொன்னேனே, நெனப்பிருக்கா? உள்ளதான் பாயில, சொவத்தைப் பாத்துப் படுத்திருந்தாக. நிறுத்திராதீக அண்ணே."

நினைவிருக்கிறது. வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னதாக அப்போதே சந்தேகப்பட்டு, அதற்கும் உன்மேல் ஒரு வழக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வள்ளி போன பிறகு எனக்கு வந்தது இரக்கம் அல்ல, ஆத்திரம். எனக்கு இது எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது, நீ உயிரோடு இருந்த காலத்தைத்தான் சொன்னேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். நீ மருந்தோடும் நான் மருந்தில்லாமலும், இருவரும் அடுத்தவனுக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு. என்னிடம் சொன்னால் கடை முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தாயா? நினைத்திருப்பாய். அது சரியா தவறா என்று வாதாட எதிரில் ஆளில்லாமல் போய்விட்டாய். சாவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கொஞ்சம் முன்னாலேயே பஸ் ஏறியிருப்பேனே.

மாத்திரையைக் குப்பையில் போடவில்லை. மறுநாள் டாக்டருக்குப் போன் செய்தேன். அளவைக் குறைத்தார். காலையில் கண்டனூர்ப் பக்கம் நடக்கிறேன், ஆளில்லாத பெரிய வீடுகளின் நிழலிலேயே போய்த் திரும்பலாம். மாத்திரையால் தாடை இறுகுகிறது, வாய் காய்கிறது, தூக்கம் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் ஒருநாள் பல் தேய்த்து முடித்த பிறகுதான், தேய்த்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

சென்ற ஞாயிறு மச்சான் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. 'வராட்டி நல்லாருக்காது' என்றாள் ஸ்டெல்லா. போனேன். ஓர இலையில் உட்கார்ந்தேன். ரசம் வந்தது, கால் ஆடியது, ஆடட்டும் என்று விட்டேன். மச்சான் பாயாச வாளியோடு வந்தார்.

"என்ன மாப்ள, ஓரத்துல உக்காந்துட்டீக? நடுவுல எடம் போட்டிருந்தேனே."

"இருக்கட்டும் மச்சான். எந்திரிக்க வேண்டியிருந்தா எந்திரிப்பேன். மாத்திரை சாப்பிடுறேன்."

"எதுக்கு?"

உன் பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. நல்ல வியாதி. சொல்லிவிட்டால் அவரும் சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

"மனசுக்கு" என்றேன்.

பக்கத்து இலைக்காரரின் கை நின்றது. மச்சான் கரண்டியைத் தூக்கியபடி நின்றார். என் இலையைப் பார்த்தார்.

"அதுக்குப் பாயாசம் ஆகுமா?"

"ஆகும்."

ஊற்றினார். கொஞ்சம் யோசித்து இன்னொரு கரண்டியும் ஊற்றினார்.

வரிசை எழுந்தபோது நானும் எழுந்தேன். அவரை நான் மன்னித்துவிடவில்லை. உன்னையும்தான். கோர்ட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் என் சட்டைப் பையில் இப்போது புளிப்பு மிட்டாய் இருக்கிறது. வகுப்பில் பாதியில் வாய் காயும்போது ஒன்றைப் பிரிக்கிறேன். காகிதச் சத்தத்துக்குப் பையன்கள் சிரிக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் சொல்கிறேன்.