டிராப் பாக்ஸில் ஏழு பேர்

ஜூன் 16, திங்கள்

விடியற்காலையில் நல்ல மழை. மாரெட்பள்ளியிலிருந்து தார்நாகா போய்ச் சேர்வதற்குள் ஸ்கூட்டரெல்லாம் சேறு, புடவையும் சேறு. பள்ளி வாசலில் கணுக்கால் தண்ணீர். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இன்று வந்தவர்கள் பதினொன்று. கம்ப்யூட்டரில் இருப்பவர்கள் பதினெட்டு.

இந்த ஏழு பேர் கதையை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. இரண்டு மூன்று வருஷத்தில் ஒவ்வொருவராக விட்டுப் போன பிள்ளைகள். சிலர் வேன் வரும் இங்கிலீஷ் மீடியத்துக்கு, சிலர் சொந்த ஊருக்கு. பேரை எடுக்கவில்லை. எடுத்தால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் எங்கள் ஐந்தாவது வரைக்குமான பள்ளியை மெயின் ரோட்டுப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டு இதைப் பூட்டிவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் யாதகிரி சாரும் நானும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு என்று ஒன்றுமில்லை. சும்மா விட்டுவைத்தோம், அவ்வளவுதான். வருகைப் பதிவில் 'வரவில்லை' என்றே போட்டேன். மதியச் சாப்பாட்டு அரிசியில் கை வைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டது. மார்ச் வந்தால் மற்ற பிள்ளைகளோடு இந்த ஏழும் பாஸ்.

இந்த வருஷம் அது நடக்காது. ஒவ்வொரு பிள்ளையையும் எதிரில் நிறுத்தி ஆதாரோடு சரிபார்க்க வேண்டுமாம். சுற்றறிக்கை வந்துவிட்டது.

சார் தெலுங்கில் சொன்னது: "டீச்சர்காரு, இந்த ஒரு வருஷம் எப்படியாவது ஓட்டிடலாம். நான் ரிட்டயர் ஆயிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

என் இஷ்டம் என்றால் இன்றைக்கே எடுக்கலாம் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மணி அடித்தது.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, சாக்பீஸ், இவருக்கு பி.பி. மாத்திரை.


ஜூன் 17, செவ்வாய்

வெயில். புழுக்கம். மாவு புளித்துப் போனது, காலையிலும் ராத்திரியும் தோசைதான்.

சாயங்காலம் நிவியின் லேப்டாப்பில் நாடு முழுவதுக்குமான பள்ளிக் கணக்கு அறிக்கையைத் திறந்து பார்த்தோம். நான்தான் கேட்டேன். எங்கள் பதினெட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். இல்லை, பார்த்தது நல்லதுதான்.

நாட்டிலுள்ள எல்லாப் பள்ளியும் அதில் இருக்கிறது. மலை மேல் இருப்பது, தீவில் இருப்பது, ஒரே ஒரு டீச்சர் இருப்பது. ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளியும் இருக்கிறது. அங்கேயும் யாரோ ஒருவர் காலையில் வந்து பூட்டைத் திறந்து, பெஞ்சைத் துடைத்து, கையெழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

பள்ளிகளின் மொத்த எண்ணிக்கை முன்பு இருந்ததைவிடக் குறைவு. குறைந்தது சர்க்கார் பள்ளிகள். தனியார் கூடியிருக்கிறது. பிள்ளைகளின் மொத்தமும் இறங்கியிருக்கிறது. இத்தனை பிள்ளைகள் எங்கே போனார்கள்?

நிவி சொன்னாள்: "அம்மா, ரெண்டு ரீசன். குழந்தைங்க பிறக்கிறதே கம்மி. அப்புறம் முன்னாடி ஹெட் கவுண்ட், இப்போ பேர் பேரா கவுண்ட். டூப்ளிகேட்ஸ் எல்லாம் போயிடும். இட்ஸ் ஜஸ்ட் டேட்டா க்ளீனிங்."

டேட்டா க்ளீனிங்காம். எங்களைப் போல எத்தனை ஊரில் எத்தனை டீச்சர்கள், ஒரு பள்ளியைக் காப்பாற்ற ஐந்தும் ஏழுமாக விட்டு வைத்திருப்போம். அதெல்லாம் சேர்ந்து நாட்டுக் கணக்கில் பிள்ளைகளாக நின்றிருக்கிறது. நான் இங்கே தார்நாகாவில் ஒரு பேரை அடிக்காமல் விட்டது தில்லியில் ஒரு பிள்ளை.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு இத்தனை டென்ஷன் உனக்கு? நீ ஒருத்தி போட்டதுலயா நாடு கெட்டுச்சு?" என்றார். அவருக்குத் தோசை ஆறிவிடும் கவலை.


ஜூன் 18, புதன்

செய்துவிட்டேன்.

சார் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துச் செய்தேன் என்றால் பொய். அவர் எதிரில்தான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பேர்கள்: முகேஷ். அப்சல். ஸ்ரவந்தி. லக்ஷ்மி பிரசன்னா. சுபாஷ் (ஒடியாக்காரர் பையன், கட்டட வேலை). ஆயிஷா. ரேவதி (மார்ச்சில் ஐந்தாவது முடித்ததாகக் கணக்கு).

ஒவ்வொன்றிலும் 'விடுவி' என்று ஒரு பட்டன். அமுக்கினால் அந்தப் பிள்ளை நம் பள்ளியிலிருந்து கழன்று 'டிராப் பாக்ஸ்' என்ற இடத்தில் போய் நிற்கும். எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகள் நிற்கும் இடம். பிள்ளை உண்மையில் எங்கே படிக்கிறதோ அந்தப் பள்ளிக்காரர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பிள்ளைக்கு நாடு முழுக்க ஒரே நம்பர். நாங்கள் பிடித்து வைத்திருந்ததால் இவ்வளவு நாள் அவர்களால் எடுக்க முடியவில்லை. அதையும் இன்றுதான் யோசித்தேன்.

இப்போது நாங்கள் பதினொன்று. சார், "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது." டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு அதைக் குடிக்காமல் போனார்.


ஜூன் 20, வெள்ளி

தலைவலி. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

காலையில் திறந்து பார்த்தால் டிராப் பாக்ஸில் ஐந்து பேர்தான். முகேஷைக் காணோம். அழுத்திப் பார்த்தால் சேர்ந்த பள்ளியின் பெயர் வருகிறது. ஆதிலாபாத் பக்கம் ஒரு கிராமம். ஆயிஷா மல்காஜ்கிரியில், இரண்டு மைல் தூரத்தில்.

மதியம் சுபாஷ். ஒடிசாவில் ஒரு மாவட்டம், பெயரை எனக்கு வாயில் சரியாகச் சொல்ல வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டே இருப்பானே, அவனேதான். அங்கே முன்பின் தெரியாத ஒரு டீச்சர் இன்று அவன் பேரைத் தேடியிருக்கிறார், என் பள்ளியின் பேரைப் பார்த்திருக்கிறார், அவனை எடுத்துக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. கையிலிருந்து கைக்குப் பிள்ளை மாறிவிட்டது.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோடிக்கணக்கில் பிள்ளைகள் இருக்கிற தேசத்தில் ஒரு சுபாஷ் எங்கே இருக்கிறான் என்று தெரிகிறது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நிவி சிரித்துவிட்டாள்.


ஜூன் 24, செவ்வாய்

ஸ்ரவந்தி, லக்ஷ்மி பிரசன்னா, அப்சல் மூவரும் போயாயிற்று.

ரேவதி மட்டும் நிற்கிறாள்.

ஹப்சிகுடாவில் இட்லி வண்டி போடும் பொன்னியின் பெண். திருவண்ணாமலைக்காரர்கள். வந்த புதிதில் பள்ளியில் தமிழ் பேச நான் ஒருத்திதான் என்று பொன்னி என்னிடம் ஒட்டிக்கொண்டாள். ரேவதி இரண்டாவது படிக்கும்போது, இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டேன் என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். சந்தோஷம்தான் என்றேன். பேரை மட்டும் விட்டு வைத்தேன்.

அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குப் போன் போட்டேன். ஆபீஸ் பெண் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நாலு மாசம் வந்தது மேடம். அப்புறம் வரலை. உங்க ஸ்கூல்லயே பேர் காட்டிச்சு, சரி அங்கேயே திரும்பிப் போயிடுச்சுன்னு நெனச்சோம்."

மூன்று வருஷம். அவர்கள் நாங்கள் என்று நினைக்க, நாங்கள் அவர்கள் என்று நினைக்க.

பட்டனை அமுக்காமல் இருந்திருந்தால் எனக்கு இன்றும் தெரிந்திருக்காது. நாட்டுக் கணக்கில் ரேவதி ஐந்தாவது படித்த பிள்ளையாகவே இருந்திருப்பாள். இப்படி ஒரு பிள்ளையைக் காணோம் என்று அந்தப் பெட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. பயமாகவும் இருக்கிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.


ஜூன் 26, வியாழன்

அரை நாள் லீவு. ஹப்சிகுடா. வண்டியைக் கண்டுபிடிக்க மூன்று சந்து சுற்றினேன். பத்தரை மணிக்கு வியாபாரம் முடிந்து பொன்னி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள்.

"வாங்க டீச்சரம்மா. இன்னா இந்தப் பக்கம்? ரெண்டு இட்லி கீது, சாப்புடுங்க."

ரேவதி எங்கே என்றேன்.

"வூட்லதான் கீது. தம்பியப் பாத்துக்குது. நான் காலைல நாலு மணிக்கு வந்துட்டா அவன யாரு பாக்கறது? பையன் பொறந்ததுல இருந்து அதுதான் எல்லாம்."

"ஸ்கூல்?"

"உங்க ஸ்கூல்தான்."

"அது வரலியே பொன்னி."

"வரலதான். பேர் கீதுல்ல? போன மாசம் பெரிய சார் கிட்ட பேங்குக்கு ஒரு பேப்பர் கேட்டேன். அஞ்சாவது பாஸுன்னு எழுதிக் குடுத்தாரு. அத ரேவதி அவங்கப்பா போட்டோக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்குது." தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "நீங்க பேர எடுக்காம வச்சிருக்கீங்க, தமிழ் டீச்சர் நம்ம புள்ளய விட்டுத் தர மாட்டாங்கன்னு அதுங்கிட்ட சொல்லிக்கினு கீறேன்."

அந்த இரண்டு இட்லியைச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.


ஜூன் 27, வெள்ளி

பள்ளி முடிந்ததும் பொன்னி வீடு. ஒரே அறை. ரேவதி எனக்கு முன்னால் வந்து நின்றாள். என் தோள் வரை வளர்ந்துவிட்டாள். பதினொரு வயது. இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், இடையில் ஒரு 'ஹவ்', இந்த ஊர் 'ஆமாம்'.

பையிலிருந்து மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தைத் தொட்டு, "பசு" என்றாள். எழுத்தைத் தொடவில்லை. இரண்டாவதில் நன்றாகப் படிப்பாள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனால் பஸ் கணக்கு, இட்லி கணக்கு, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும், எல்லாம் விரல் நுனியில். முப்பது பிளேட், ஒன்றுக்கு நாலு இட்லி, மாவு எவ்வளவு என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். நான்தான் மனதுக்குள் சரிபார்க்கத் தடுமாறினேன். மலைத்துப் போனேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

என் பள்ளிக்குக் கூட்டிப் போக முடியாது. கம்ப்யூட்டரில் அவள் ஐந்தாவது முடித்தவள், எங்களிடம் ஆறாவது இல்லை. தம்பியை விட்டுவிட்டு வரவும் மாட்டாள். மெயின் ரோட்டுப் பெரிய பள்ளியில் ஆறாவது உண்டு, வளாகத்திலேயே அங்கன்வாடியும் இருக்கிறது. தம்பி அங்கே, அக்கா இங்கே, நடுவில் ஒரு மைதானம்தான். பொன்னிக்கு அதைப் பத்துத் தரம் சொன்னேன். கடைசியில், "பையன் அழுதா அது ஓடிப் போய்ப் பாக்க வுடுவாங்களா?" என்றாள். விடுவார்கள், நான் பேசுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சாருக்குப் போன். எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பேப்பர்ல இருக்கிற கையெழுத்து என்னோடது டீச்சர்காரு" என்றார். திங்கள் காலை அவரும் வருகிறாராம்.


ஜூன் 30, திங்கள்

சிறு தூறல். பெரிய பள்ளி. இதோடுதான் எங்களைச் சேர்க்கப் போகிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ரேவதி இங்கே சேர்வதால் எங்கள் கணக்கில் கூடுவதோ குறைவதோ ஒன்றும் இல்லை. பதினொன்று பதினொன்றுதான்.

அங்கிருக்கும் ஹெட்மாஸ்டரம்மாவிடம் யாதகிரி சாரே சொன்னார். மறைக்கவில்லை. வராத பிள்ளையைப் பாஸ் போட்டோம், படிக்கத் தெரியாது, தப்பு எங்களுடையது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். "ஆறாவதுல உட்காரட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் தனியா எழுத்து. யார் எடுப்பீங்க?" என்றார். நான் என்றேன்.

கிளார்க் அவள் நம்பரைத் தட்டினார். என் போனில் பார்த்துக்கொண்டே நின்றேன். டிராப் பாக்ஸ் காலி. அந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

தம்பியை அங்கன்வாடியில் விட்டோம். அவன் அழவில்லை. ரேவதிதான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

வகுப்பு வரை நடந்து போகும்போது கேட்டாள், தமிழில்தான் கேட்டாள்: "மூணு வருஷம் பேர் வச்சிருந்தீங்கன்னு மம்மி சொல்லுச்சு. டெய்லி என் பேரைக் கூப்புட்டீங்களா டீச்சர்?"

"இல்லம்மா. எழுதினேன். கூப்பிடல."

"ஹவ்," என்றாள். கோபமெல்லாம் இல்லை.

அறுபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் வகுப்பு. நான் ஜன்னல் ஓரம் நின்றேன். டீச்சர் வருகை எடுக்க ஆரம்பித்தார். பேர், பதில், பேர், பதில். அத்தனை குரல். கடைசியில் கையால் எழுதிச் சேர்த்த பேர்.

முதல் தரம் கூப்பிட்டபோது அவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். இரண்டாம் தரம் எழுந்து நின்றாள்.