கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி

சான் ஓசே
14.3.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கம்ப்யூட்டரில் எங்களுக்கு ஓர் அஞ்சல் குழு உண்டு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். போன வாரம் நான், எழுதியது நானேதான் என்று காட்டும் கம்ப்யூட்டர் கையொப்பம் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். அனுப்பிய பிறகு ஓர் எழுத்து கூடினாலும் அந்தக் கையொப்பம் செல்லாது. குழுவின் இயந்திரமோ வழக்கம்போல அடியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டது. எல்லோர் திரையிலும் ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று வந்துவிட்டது! இங்கே வேலை பார்க்கும் உடுமலைப்பேட்டைச் செவ்வந்தி பதறிப்போய் போன் செய்தாள்: “ஏனுங்க, அது நீங்க எழுதுனதுதானுங்களா?”

எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டதும் கடிதத்தை வாங்கி, “கண்ணு, அரப்புப் போட்டுத் தலைக்குத் தண்ணி வாத்துக்கோ” என்று அடியில் எழுதுவார்களே!

அறிவிப்பைக் கடிதத்துக்குள் ஒட்டாமல், உறைமேல் எழுதுவதுபோல வெளியே வைக்கலாம் என்று குழுவுக்கு எழுதினேன். நடத்துபவர் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறது.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் நண்பன் ரவிக்குமார் இங்கே திரும்பி வரும்போது அரப்புத்தூள் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் போன கடிதம் கையெழுத்தோடு முடிந்துவிட்டது. எழுத்து உங்களுடையதுதான். ஆனாலும் வீட்டிலிருந்து வந்த கடிதமாக அது தோன்றவில்லை. அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? இனிக் கையெழுத்தைச் சற்று மேலேயே போடுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
கதிர்வேல்

அம்மா, வாராவாரம் தண்ணி வாத்துக்கறேனுங்க. ஒரு வரி எழுதிப்போடுங்க.