கடைசி வாங்கும் கரும்பலகையும்

செவ்வாய்க்கிழமை

பள்ளிக்கூட அதிபரிடம் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது.

ஆசிரியப் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முன் வகுப்பறையைப் பார்த்துப் பழகலாம் என்று முசலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கி இன்று நாலாம் நாள். ஐந்தாம் வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்திருக்கிறேன். காலை வெயில் யன்னலால் வந்து கரும்பலகையில் பட்டால், பின்னாலிருந்து பார்க்க ஓர் எழுத்தும் தெரியாது.

இன்று கணக்குப் பாடத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்த றிஸ்னா முன்வாங்குப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்து எழுதினாள். டீச்சர் கண்டுவிட்டார்.

"களவாப் பாத்தோ எழுதுறாய்? எழும்பி நில்லு!"

எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், இஞ்சயிருந்து பலகை தெரியேல்ல. எனக்கும் தெரியேல்ல."

"நீர் பாக்க வந்தனீர். கதைக்க வந்தனீரில்லை."

பாடம் முடியும் வரை றிஸ்னா நின்றாள்.

பள்ளி விட்டதும் அதிபர் கூப்பிட்டார். "பிள்ளை, என்ரை கடிதம் வேணுமெண்டால் வகுப்பிலை வாய் திறக்கப்படாது." வகுப்பைப் பார்த்துப் பழகினேன் என்று அவர் எழுதித் தரும் கடிதத்தை நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் அந்த "ஓம் சேர்".

சற்று முன் என் அறை யன்னல் திரைச்சீலையைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தேன். சுத்தியலும் நாலு ஆணியும் கூடவே. விடிந்தால் அம்மா கத்துவா. கத்தட்டும். வாய் திறக்கக் கூடாது என்றுதானே அதிபர் சொன்னார்? வகுப்பு யன்னலில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.