தண்ணீர் சிந்தாத வழி

என் பூசணிக்குட்டிக்கு,

இன்னும் இரண்டு வாரம்தானே? பின்சீட்டில் நிறைகுடம் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் மூன்று வழியிலும் ஆட்டோ ஓட்டிப் பார்த்துவிட்டேன். நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவன் மார்க்கெட் ரோட்டில் வண்டி ஓட்டியதில்லை. பாதித் தண்ணீர் காலி. பள்ளிக்கூடத் தெரு வழியில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"கிறுக்கு முத்திப்போச்சா? நம்ம பொண்ணு என்ன குடமா?" என்றாள் உன் அம்மா.

"குடம் அவ்வளவு கனமில்லடி," என்றேன்.

போன தடவை குழந்தை தங்காததற்கு என் வண்டி குலுங்கியது காரணமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நீயும் சொன்னாய். ஆனால் அப்புறம் நீ என் வண்டியில் ஏறவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். வலி வந்தால் என்னைக் கூப்பிடுவாயா?

காரில்தான் போவேன் என்றாலும் கோபமில்லை. நான் முன்னால் போய்ப் பள்ளத்துக்கெல்லாம் கை காட்டுகிறேன். மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து ஹாரன் அடிக்காமல் வரச் சொல்.

உன் டிரைவர் அப்பா